தொண்டையிலயே நிக்குற சளி: எட்டு மாசம் அலைஞ்சுட்டு எழுதுற வழிகாட்டி

எங்க வீட்ல நான் எந்த ரூம்ல இருக்கேன்னு யாரும் தேட மாட்டாங்க, செருமுற சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சிருவாங்க. ஒரு சாதாரண ஜலதோஷம் வந்துச்சு, ஒரு வாரத்துல போயிருச்சு, ஆனா தொண்டையில ஏதோ ஒட்டிக்கிட்டு நிக்குற மாதிரி ஒரு உணர்வு மட்டும் போகவே இல்ல. முழுங்கினா இறங்காது, காறினா வராது, அப்படியே வந்தாலும் கொஞ்சூண்டு வெள்ளையா பசை மாதிரி வரும், அஞ்சு நிமிஷத்துல அதே இடத்துல திரும்ப நிக்கும். இப்படியே எட்டு மாசம். மூணு தடவை ஆன்டிபயாட்டிக், பேர் மறந்துபோன சிரப்புங்க, தேவையே இல்லாத ஒரு எக்ஸ்ரே, அப்புறம் பாக்கெட் பாக்கெட்டா தொண்டை மிட்டாய். கடைசியில சரியானது இது எதாலயும் இல்ல. நான் பண்ணின தப்பு ஒண்ணுதான், சளி எங்கிருந்து வருதுன்னே பாக்காம சளிக்கு மருந்து தேடினேன். நீங்க அதைப் பண்ணாதீங்க, கீழ இருக்குற வரிசையில போங்க. நான் டாக்டர் இல்ல, இதே தொல்லையில மாட்டி வெளிய வந்த ஆளு, அவ்ளோதான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம். நம்ம மூக்கும் சைனஸும் சேர்ந்து ஒரு நாளைக்கு சுமார் ஒரு லிட்டர் சளி சுரக்குது, நோய் எதுவும் இல்லாத ஆளுக்கே. அதுல முக்கால்வாசிக்கும் மேல தண்ணிதான். மூக்குக்குள்ள இருக்குற குட்டிக் குட்டி முடி மாதிரி இழைங்க அதை பின்னாடி தள்ளிக்கிட்டே இருக்கும், நாமளும் தெரியாமயே முழுங்கிக்கிட்டே இருப்போம். அதனால தொண்டையில சளி "இருக்கிறது" வியாதி இல்ல. அது தெரிய ஆரம்பிக்கிறதுதான் பிரச்சனை. ஒண்ணு அளவு கூடியிருக்கும், இல்ல கெட்டியாயிருக்கும், இல்லன்னா தொண்டை புண்பட்டுப்போய் சாதாரண சளியையே பாரமா உணரும். என் கேஸ்ல மூணாவதுதான் பெரிய பங்கு, அது புரியவே எனக்கு ஆறு மாசம் ஆச்சு.

1. முதல்ல ஆபத்து அறிகுறி இருக்கான்னு பாருங்க

இது ஒரு நிமிஷ வேலை, ஆனா இதைத் தாண்டாம கீழ போகாதீங்க. சளியில ரத்தம், காரணமில்லாம எடை குறையுறது, சாப்பாடு தொண்டையில சிக்குறது இல்ல முழுங்கும்போது வலி, 3 வாரத்துக்கு மேல குரல் கம்மியே இருக்கிறது, கழுத்துல கட்டி, ஒரு பக்க காது மட்டும் விடாம வலிக்கிறது, மூச்சு வாங்குறது, ராத்திரி உடம்பு நனையுற அளவுக்கு வியர்வை, விட்டு விட்டு காய்ச்சல். இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் மிச்சக் கட்டுரையை அப்புறம் படிச்சுக்கலாம், டாக்டரைப் பாருங்க. 2-3 வாரத்துக்கு மேல சளியோட இருமல் இருந்து கூட காய்ச்சலோ எடை குறைவோ இருந்தா டிபி இல்லன்னு உறுதி பண்ணிக்கணும். சிகரெட், புகையிலை, குடி பழக்கம் இருக்குறவங்க இந்த லிஸ்ட்டை இன்னும் கறாரா எடுத்துக்கோங்க.

இன்னும் ரெண்டு சங்கதி நிறைய பேருக்குத் தெரியாது. ஒரே ஒரு மூக்குல இருந்து மட்டும் நாத்தமா ஒழுகினா, குழந்தையா இருந்தா எதையாவது உள்ள திணிச்சிருக்கும், பெரியவங்களா இருந்தா உள்ள என்னன்னு கேமரா விட்டுப் பாக்கணும். அதேமாதிரி தலைல அடிபட்டதுக்கப்புறம் குனியும்போது ஒரே மூக்குல நிறமே இல்லாம வெறும் தண்ணி மாதிரி சொட்டினா அது சளியாவே இல்லாம இருக்கலாம், மூளையைச் சுத்தி இருக்குற நீர் கசியுறதா இருக்கலாம். அதுக்கு உடனே போகணும்.

ஜலதோஷம் வந்து இன்னும் 8 வாரம் ஆகலையா, மேல சொன்னது எதுவும் இல்லையா, நாளுக்கு நாள் கொஞ்சமாச்சும் குறையுதா? அப்போ பொறுமையா இருங்க, வைரஸ் போனதுக்கப்புறமும் தொண்டை அடங்க அவ்ளோ நாள் எடுக்கும்.

2. ரெண்டு வாரம் நோட்டு போடுங்க

செலவு ஒரு பேனா. தினம் நாலே நாலு விஷயம் எழுதினா போதும்: எந்த நேரம் அதிகம், சளி என்ன நிறம் எவ்ளோ கெட்டி, ராத்திரி எத்தனை மணிக்கு சாப்பிட்டு எத்தனை மணிக்குப் படுத்தீங்க, கூட என்ன இருந்துச்சு (தும்மல், மூக்கடைப்பு, புளிச்ச ஏப்பம், இருமல், குரல் கம்மல்). போன்ல எழுதினாலும் சரி.

நிறத்தைப் பத்தி ஒரு எச்சரிக்கை. பச்சையா வந்தா உடனே இன்ஃபெக்ஷன், ஆன்டிபயாட்டிக் வேணும்னு நாமளே முடிவு பண்ணிடுறோம். பச்சை நிறம் வர்றது நம்ம வெள்ளை அணுக்கள்ல இருக்குற ஒரு என்சைமால, அது வைரஸ் ஜலதோஷத்துலயும் வரும், காலையில தேங்கிக் கிடந்த சளியிலயும் வரும். நிறத்தை மட்டும் வெச்சு பாக்டீரியான்னு சொல்லிட முடியாது. எனக்கு முதல் ஆன்டிபயாட்டிக் வந்ததே "பச்சையா வருது டாக்டர்"ன்னு நானே போய் நின்னதாலதான், அவரை மட்டும் குத்தம் சொல்ல முடியாது.

3. எந்த வாசல் வழியா வருதுன்னு பிரிங்க

இதுதான் முக்கியமான படி, இங்க அவசரப்படாதீங்க. ரெண்டு வார நோட்டைக் கையில வெச்சுக்கிட்டு உக்காருங்க.

மூக்கு வாசல். படுத்தா கூடும், காலையில எழுந்ததும் அதிகம், பின் தொண்டையில சொட்டுற மாதிரி இருக்கும், கூடவே தும்மல், கண் அரிப்பு, மூக்கடைப்பு ஏதாவது இருக்கும். அரிப்பும் தும்மலும் இருந்தா அலர்ஜி பக்கம் சாயுது. அரிப்பே இல்லாம, குளிர் காத்து பட்டா, வாசனைத் திரவியம் பட்டா மட்டும் மூக்கு திறந்துக்குதுன்னா அது அலர்ஜி இல்லாத மூக்கழற்சி. மூஞ்சில பாரம், வாசனை தெரியாம போறது, அடைப்பு, கெட்டியான ஒழுக்கு இதெல்லாம் 12 வாரத்துக்கு மேல இருந்தா நாள்பட்ட சைனஸ் பிரச்சனையா இருக்கலாம். கர்ப்பமா இருக்கும்போது ஜலதோஷமே இல்லாம மூக்கடைச்சு சளி இறங்குறதும் சகஜம், பிரசவத்துக்கப்புறம் தானா போயிரும்.

வயிறு வாசல். இதைத்தான் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, நானும் படல. வயித்து அமிலமும், சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற பெப்சின்ங்கிற என்சைமும் மேல ஏறி தொண்டை வரைக்கும் வந்துட்டுப் போகும், நெஞ்செரிச்சலே இல்லாமயும் இது நடக்கும், அதான் வம்பு. தொண்டை தன்னைக் காப்பாத்திக்க சளி சுரக்கும். சாப்பிட்டதும் செருமல், குனிஞ்சா செருமல், காலையில குரல் கரகரப்பு, தொண்டையில உருண்டை நிக்குற மாதிரி உணர்வு, மூக்கு சுத்தமா இருக்கும். என் நோட்டுல பத்து நாள்ல ஏழு நாள் ராத்திரி பத்தரைக்குச் சாப்பிட்டு பதினொண்ணுக்குப் படுத்திருக்கேன்னு எழுதியிருந்துச்சு, அந்த ஏழு நாளும் மறுநாள் காலையில பக்கம் முழுக்க செருமல்.

நெஞ்சு வாசல். சளி ஆழத்துல இருந்து இருமித்தான் வரும், விசில் சத்தம், படியேறினா இளைப்பு, அளவும் நிறையா இருக்கும். ஆஸ்துமா, சிகரெட்டால வர்ற நாள்பட்ட மூச்சுக்குழல் நோய், மூச்சுக்குழல் விரிஞ்சுபோற பிரச்சனை இதெல்லாம் இந்தப் பக்கம். வருஷத்துல 3 மாசம் சளி இருமல்னு ரெண்டு வருஷம் தொடர்ந்து வந்தா அதுக்கே தனிப் பேர் இருக்கு, நாள்பட்ட பிராங்கைட்டிஸ். இதுல வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்ல, நேரா 7-ஆவது படிக்குப் போங்க.

நாலாவது, சளியே இல்லாத வாசல். பார்த்தா எதுவும் வராது, ஆனா ஏதோ இருக்குங்கிற உணர்வு மட்டும் இருக்கும். இதை ஒரு சோதனையில பிடிக்கலாம்: சாப்பிடும்போது, தண்ணி குடிக்கும்போது அந்த உருண்டை காணாம போயி, வெறும் எச்சில் முழுங்கும்போது மட்டும் தெரியுதா? அப்போ பெரும்பாலும் தொண்டைத் தசை இறுக்கமும் மனசு டென்ஷனும் சேர்ந்து பண்ற வேலை. சாப்பாடே சிக்குதுன்னா இது அது இல்ல, 1-ஆவது படி.

ஒண்ணுக்கு மேல வாசல் திறந்திருக்கவும் செய்யும். எனக்கு மூக்கு கொஞ்சம், வயிறு நிறைய, அதுக்கு மேல கெட்ட பழக்கம் ஒண்ணு (அது அடுத்த படில).

இதோட நீங்க தினம் போடுற மாத்திரை எல்லாத்தையும் எடுத்து வெச்சுப் பாருங்க. ராமிப்ரில், எனாலாப்ரில், லிசினோப்ரில் மாதிரி "ப்ரில்"னு முடியுற பிரஷர் மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலும் தொண்டை அரிப்பும் குடுக்கும், ஆரம்பிச்சு பல மாசம் கழிச்சுக்கூட. நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொன்னா வேற வகைக்கு மாத்தித் தருவாங்க, மாத்தின பிறகும் அடங்க சில வாரம் ஆகும். தூக்கம் வர்ற பழைய அலர்ஜி மாத்திரைங்க சளியைக் காய வெச்சு பசையாக்கும், ஒழுகல் நிக்கும், ஆனா ஒட்டல் கூடும்.

4. செருமுறதை இன்னைக்கே நிறுத்த ஆரம்பிங்க

எந்த வாசலா இருந்தாலும் இதுக்குக் காசும் வேண்டாம், டாக்டர் சீட்டும் வேண்டாம். ஒவ்வொரு தடவை "ஹ்ர்ரும்"னு செருமும்போதும் ரெண்டு குரல் நாணும் ஒண்ணோட ஒண்ணு டமார்னு மோதுது. அதனால வீங்குது, வீங்கினா ஏதோ இருக்குற மாதிரி தோணுது, காயத்தைக் காப்பாத்த இன்னும் சளி சுரக்குது, திரும்ப செருமுறோம். ஜலதோஷம் என்னைக்கோ போயிருக்கும், இந்த வட்டம் மட்டும் தனியா ஓடிக்கிட்டு இருக்கும்.

ஒரு நாள் ஒரு மணி நேர ஆபீஸ் மீட்டிங், போன்ல. ஒவ்வொரு தடவையும் மைக்கை மியூட் பண்ணிட்டு செருமிட்டு நோட்டுல ஒரு கோடு போட்டேன். முடியும்போது எண்ணிப் பார்த்தா 41. அதுல எத்தனை தடவை நிஜமா சளி வந்துச்சுன்னா ரெண்டு. மிச்சம் 39 தடவை நான் என் தொண்டையைச் சும்மாவே அடிச்சிருக்கேன்.

செருமத் தோணும்போது அதுக்குப் பதிலா இப்படிப் பண்ணுங்க. முதல்ல ஒரு வாய் தண்ணி, சின்னச் சின்ன மடக்கா. தண்ணி பக்கத்துல இல்லன்னா நாடியை லேசா கீழ இறக்கி எச்சிலை அழுத்தமா ஒரு முழுங்கு. அப்பவும் நின்னா, குரலே வராம வயித்துல இருந்து காத்தை மட்டும் "ஹஹ்"னு தள்ளி சத்தமில்லாத இருமல் ஒண்ணு. கடைசியா மெதுவா "ம்ம்ம்"னு ஒரு முனகல், குரல் நாண் அதிர்ந்து ஒட்டினது நகரும். முதல் மூணு நாள் பைத்தியமே பிடிக்கும், தொண்டை அடைச்சே போயிட்ட மாதிரி இருக்கும், ஆனா அடைக்காது. எனக்கு ரெண்டாவது வாரத்துலதான் வித்தியாசம் தெரிஞ்சுது, வீட்ல இருக்குறவங்க எனக்கு முன்னாடியே கவனிச்சுட்டாங்க.

பொறி: மெந்தால் மிட்டாய். சப்பும்போது சுகமா இருக்கும், ஆனா மெந்தால் சிலருக்குத் தொண்டையை இன்னும் வறட்டும், புதினா வகை வயித்து வாயில இருக்குற வால்வைத் தளர்த்தும், வயிறு வாசல்காரங்களுக்கு அது டபுள் நஷ்டம். மிட்டாய் வேணும்னா மெந்தால் இல்லாததா எடுத்துக்கோங்க. முடியலன்னா ஸ்பீச் தெரபிஸ்ட் இருக்காங்க, குரல், இருமல் வேலைக்குன்னே பயிற்சி உள்ளவங்க, சில செஷன்லயே இந்தப் பழக்கத்தை உடைச்சு விடுவாங்க. பேச்சு வராதவங்களுக்கு மட்டும்தான் அவங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

5. மூக்கு வாசல்னா

முதல்ல உப்புத் தண்ணியால மூக்கைக் கழுவுறது. அரை லிட்டர் தண்ணிக்கு தலை தட்டின ஒரு டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு, அரை டீஸ்பூன் சமையல் சோடா. சோடா எரிச்சலைக் குறைக்கும். ரெடிமேட் பாக்கெட்டும் வருது, அளவு கரெக்ட்டா இருக்கும், விலைதான் கொஞ்சம் கூட.

தண்ணி விஷயத்துல மட்டும் விளையாடாதீங்க. குழாய்த் தண்ணியை அப்படியே மூக்குல விடக் கூடாது. நல்லா தளதளன்னு கொதிச்சப்புறம் ஒரு நிமிஷமாவது கொதிக்க விட்டு ஆற வெச்ச தண்ணி, இல்லன்னா டிஸ்டில்டு வாட்டர், இது ரெண்டுதான். மலைப் பிரதேசம்னா 3 நிமிஷம் கொதிக்கணும். நெக்லேரியான்னு ஒரு அமீபா, குடிச்சா ஒண்ணும் பண்ணாது, மூக்கு வழியா போனா மூளைக்கு ஏறும், அரிதுதான், ஆனா வந்தா கிட்டத்தட்ட யாரும் பிழைக்கிறதில்ல. மூக்கு கழுவுற பாட்டிலையும் ஒவ்வொரு தடவையும் கழுவி காய வைங்க.

வாஷ் பேசின் மேல குனிஞ்சு, தலையை ஒரு பக்கம் சாய்ச்சு, வாயால மூச்சு விட்டுக்கிட்டே மேல் பக்க மூக்குல மெதுவா விடுங்க, அடுத்த மூக்கு வழியா வெளிய வரும். வேகமா அமுக்கினா காது அடைக்கும். ரெண்டு மூக்கும் சுத்தமா அடைச்சிருந்தா அன்னைக்கு வேண்டாம். சமீபத்துல காது, மூக்கு ஆபரேஷன் ஆனவங்க கேட்டுட்டுப் பண்ணுங்க. முதல் நாள் அசிங்கமாத்தான் இருக்கும், நான் சட்டையெல்லாம் நனைச்சுக்கிட்டேன்.

அடுத்து ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே (ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன், புடெசோனைடு). அலர்ஜிக்கு இதுதான் நல்லா வேலை செய்யுற மருந்து, ஆனா ரெண்டு நாள்ல எதிர்பார்க்காதீங்க, முழுப் பலன் தெரிய ரெண்டு வாரம் வரைக்கும் ஆகும், தினமும் போடணும். போடுற முறையைத்தான் முக்காவாசிப் பேர் தப்பா பண்றாங்க. தலையை மேல தூக்காதீங்க, லேசா குனிங்க. வலது கையால இடது மூக்குக்கு, இடது கையால வலது மூக்குக்கு, முனை நடுச்சுவரைப் பார்க்காம வெளிப்பக்கமா காதை நோக்கி இருக்கணும். அடிச்சதும் இழுத்து உறியாதீங்க. தொண்டையில கசப்பு தெரிஞ்சா மருந்து வயித்துக்குப் போயிருச்சுன்னு அர்த்தம். நான் ஒரு மாசம் அப்படித்தான் கசப்பைக் குடிச்சுக்கிட்டு "ஸ்ப்ரே வேஸ்ட்"னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கழுவுறதும் ஸ்ப்ரேயும் ரெண்டும் இருந்தா கழுவினதுக்கப்புறம் ஸ்ப்ரே, மாத்திப் பண்ணினா மருந்தைக் கழுவி வெளிய விடுறோம்.

பெரிய பொறி: அடைப்பை உடனே திறக்குற ஸ்ப்ரே, சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் வகை. ரெண்டு நிமிஷத்துல சொர்க்கம் மாதிரி இருக்கும். 3 நாள், மிஞ்சிப்போனா 5 நாள், அதுக்கு மேல போட்டா ஸ்ப்ரே இல்லாம மூக்கே திறக்காத நிலைமை வந்துரும். ரெண்டு ஸ்ப்ரேயும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பேரைப் படிச்சு வாங்குங்க.

அலர்ஜின்னா செட்ரிசின், லோரட்டாடின், ஃபெக்ஸோஃபெனாடின் வகை மாத்திரை தும்மல், அரிப்புக்கு உதவும், அடைப்புக்கு அவ்ளோ இல்ல. தூசிப் பூச்சிதான் காரணம்னா தலையணை உறை, படுக்கை விரிப்பை வாரா வாரம் 60 டிகிரி வெந்நீர்ல துவைக்கணும். ஆவி பிடிக்கிறதைப் பத்தியும் சொல்லிடுறேன், கொஞ்ச நேரம் லேசா இருக்கும், ஆனா காரணத்தைத் தொடாது. குழந்தைங்களுக்கு கொதிக்கிற பாத்திரம் வெச்சு ஆவி பிடிக்கவே வேண்டாம், கவிழ்ந்து வெந்துபோற கேஸ் நிறைய நடக்குது.

6. வயிறு வாசல்னா

முதல் வேலை சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவுல 3 மணி நேரம். இதை மட்டும் ஒழுங்கா ஒரு மாசம் பண்ணிப் பாருங்க. எனக்கு மாத்திரையை விட இதுதான் கேட்டுச்சு, கேக்க சப்புன்னு இருக்கும், ஆனா உண்மை.

ரெண்டாவது, கட்டிலோட தலைப்பக்கக் காலுக்கு அடியில கட்டை வெச்சு 15-20 சென்டிமீட்டர் தூக்குங்க. ரெண்டு மூணு தலையணை அடுக்கினா போதாதான்னா, போதாது, கழுத்தும் இடுப்பும் மடங்கி வயித்தைத்தான் அமுக்கும், இன்னும் மேல ஏறும். கட்டில் தூக்க முடியலன்னா சரிவான மெத்தைத் துண்டு வாங்குங்க. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கிறதும் உதவும். இறுக்கமான பெல்ட், சாப்பிட்டதும் குனிஞ்சு வேலை, சிகரெட், குடி, கூடுதல் எடை இதெல்லாம் ஏத்தி விடும். காபி, சாக்லேட், எண்ணெயில பொரிச்சது, ரொம்பக் காரம், புளிப்பு இதுங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒத்துக்காம போறதில்ல, அதனால எல்லாத்தையும் ஒரே நாள்ல விட்டுட்டு வாழ்க்கையை வெறுக்காதீங்க, வாரத்துக்கு ஒண்ணா நிறுத்தி நோட்டுல பாருங்க.

பால் சளியைக் கூட்டும்னு எல்லாரும் சொல்வாங்க. பால் எச்சிலோட கலந்து கொஞ்ச நேரம் தொண்டையில கெட்டியா படியும், அந்த உணர்வைத்தான் சளின்னு நினைச்சுக்கிறோம், ஜலதோஷம் இருந்தவங்களை வெச்சுப் பார்த்தப்பவும் பால் குடிச்சவங்களுக்கு சளி கூடல. அந்தப் படியுற உணர்வு பிடிக்கலன்னா விட்டுருங்க, ஆனா குழந்தைக்கு சளின்னு பாலை நிறுத்தாதீங்க.

அமில மாத்திரைக்கு வருவோம். ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல், லான்சோப்ரசோல் வகையை சாப்பாட்டுக்கு 30 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம் முன்னாடி போட்டாத்தான் வேலை செய்யும், சாப்பிட்டுட்டு போட்டா பாதி வீண். நெஞ்செரிச்சல் கூட இருந்தா நல்லா கேக்கும். ஆனா நெஞ்செரிச்சலே இல்லாம தொண்டைத் தொல்லை மட்டும் இருக்குறவங்க பெருசா நம்பாதீங்க. 2021-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஒரு ஆய்வுல 346 பேரைப் பிரிச்சு பாதிப் பேருக்கு லான்சோப்ரசோல், பாதிப் பேருக்கு வெத்து மாத்திரை 16 வாரம் குடுத்தாங்க, ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்குத்தான் குறைஞ்சுது. எனக்கு நாலு மாசம் இதை எழுதிக் குடுத்திருந்தாங்க, நான் கேள்வியே கேக்கல. போட்டுக்கிட்டு இருக்கிறதை திடீர்னு நிறுத்தினா அமிலம் பொங்கி ஏறும், டாக்டர்கிட்ட கேட்டு படிப்படியா குறைங்க. சாப்பாட்டுக்கப்புறமும் படுக்கப் போறப்பவும் குடிக்கிற ஆல்ஜினேட் திரவம் ஒண்ணு இருக்கு, வயித்துல மேல மிதந்து மூடி மாதிரி நிக்கும், சிலருக்கு அது நல்லா ஒத்துப்போகுது.

எவ்ளோ நாள் பாக்கணும்? குறைஞ்சது 8 வாரம். புண்பட்ட தொண்டை ஆற அவ்ளோ எடுக்கும். ஒரு வாரத்துல சரியாகலன்னு அடுத்ததுக்குத் தாவினதாலதான் எனக்கு எட்டு மாசம் ஆச்சு.

7. டாக்டர்கிட்ட போகும்போது

6-8 வாரம் ஒழுங்கா பண்ணியும் அசையலன்னா, நெஞ்சு வாசல்னு சந்தேகம்னா, போங்க. முதல்ல பொது டாக்டர், அவர் சொல்றதை வெச்சு இஎன்டி, நுரையீரல் டாக்டர் இல்ல குடல் டாக்டர். நான் நேரா ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போனேன், இன்சூரன்ஸ்ல பரிந்துரைக் கடிதம் எங்கன்னு கேட்டு பில்லைத் திருப்பி அனுப்பிட்டாங்க. உங்க பாலிசியில ரெஃபரல் கட்டாயமா, ஸ்கேனுக்கு முன் அனுமதி வேணுமான்னு போன் போட்டுக் கேட்டுட்டுக் கிளம்புங்க.

கையில எடுத்துட்டுப் போகவேண்டியது: ரெண்டு வார நோட்டு, இப்போ போடுற எல்லா மருந்தோட பட்டியல் (பிரஷர், சுகர் மாத்திரை, இன்ஹேலர், கடையில நீங்களா வாங்கினது உட்பட), இதுவரைக்கும் இந்தத் தொல்லைக்கு எடுத்த மருந்துங்க, எத்தனை நாள், கேட்டுச்சா இல்லையான்னு, பழைய ஸ்கேன் இருந்தா ரிப்போர்ட் மட்டுமில்ல, படமும் அதோட குடுத்த டிஸ்க்கும். மருந்துச் சீட்டை எல்லாம் தொலைச்சுட்டு "வெள்ளை மாத்திரை, நடுவுல கோடு போட்டிருக்கும்"னு நான் சொன்னப்போ அந்த டாக்டர் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு.

உள்ள போனதும் "சளி டாக்டர்"னு ஆரம்பிக்காதீங்க, அப்படிச் சொன்னா சளி மருந்துதான் வரும். நான் கடைசியா சொன்னது இப்படி: "எட்டு மாசமா தொண்டையில ஒட்டல், காலையிலயும் சாப்பிட்டப்புறமும் அதிகம், வெள்ளையா கொஞ்சமா வருது, மூக்கடைப்பு லேசா, காய்ச்சல், ரத்தம், எடைக் குறைவு இல்ல, மூணு ஆன்டிபயாட்டிக் கேக்கல." அரை நிமிஷம்தான், ஆனா அன்னைக்குத்தான் முதல் தடவையா சரியான கேள்விங்க திரும்பி வந்துச்சு.

டெஸ்ட்டுங்க, சின்னதுல இருந்து பெரிசுக்கு. இஎன்டியில மெல்லிசான கேமராக் குழாயை மூக்கு வழியா விட்டு தொண்டை, குரல் நாண் வரைக்கும் பார்ப்பாங்க, ரெண்டு மூணு நிமிஷம், வலி இல்ல, கண்ல தண்ணி வரும், மரத்துப்போற ஸ்ப்ரே அடிச்சா உணர்வு திரும்புற வரைக்கும் சாப்பிடக் கூடாது. செலவுக்குத் தகுந்த விவரம் குடுக்குறது இதுதான். தோல் குத்தி பாக்குற அலர்ஜி டெஸ்ட்டுக்கு 15-20 நிமிஷத்துல ரிசல்ட், ஆனா ஒரு வாரம் முன்னாடியே அலர்ஜி மாத்திரையை நிறுத்தியிருக்கணும், இதை யாரும் சொல்லாததால நான் ஒரு அப்பாயின்ட்மென்ட்டை வீணடிச்சேன். நிறுத்த முடியாதவங்க ரத்தத்துல பாக்குற டெஸ்ட் எடுக்கலாம். சளி டெஸ்ட் குடுக்கச் சொன்னா காலையில எழுந்ததும் வாயை வெறும் தண்ணியில கொப்பளிச்சுட்டு ஆழமா இருமி எடுங்க, எச்சிலைத் துப்பிக் குடுத்தா திரும்பக் கேப்பாங்க. சைனஸுக்கு சாதா எக்ஸ்ரே கிட்டத்தட்ட பிரயோஜனமில்ல, தேவைப்பட்டா சிடி ஸ்கேன், அதுவும் மருந்து எடுத்தும் கேக்கலன்னாதான். முதல் நாளே சிடி எழுதினா ஏன்னு கேளுங்க, கேக்குறதுல தப்பில்ல.

ஆன்டிபயாட்டிக் எப்போ நியாயம்? 10 நாளாகியும் கொஞ்சம்கூட குறையாத சைனஸ் வலி, ஒழுக்கு, இல்லன்னா சரியாகி வந்து திடீர்னு திரும்ப மோசமாறது, இல்ல கடும் காய்ச்சலோட மூஞ்சி வலி. மாசக்கணக்குல ஒட்டிக்கிட்டு நிக்குற வெள்ளைச் சளிக்கு அது வேலை செய்யாது.

சளியைக் கரைக்குற மருந்துங்க, ஆம்ப்ராக்சால், குவைஃபெனெசின், அசிட்டைல்சிஸ்டீன் வகை, கெட்டிச் சளி நெஞ்சுல இருக்குறவங்க டாக்டர் சொல்லி எடுத்தா சரி. தொண்டையில ஒட்டுற கேஸுக்கு சும்மா வாங்கிக் குடிச்சா பாட்டில் காலியாகும், அவ்ளோதான். தேன் ஒரு ஸ்பூன் இருமலுக்கு இதமா இருக்கும், ஒரு வயசுக்குக் கீழ இருக்குற குழந்தைக்கு மட்டும் கூடவே கூடாது.

8. நாள் கணக்கு

வாரம் 1-2 நோட்டும் செருமல் நிறுத்தமும். வாரம் 3-ல இருந்து ஒரே ஒரு வாசலுக்கான வேலை, மூக்குன்னா 4 வாரம், வயிறுன்னா 8 வாரம். ரெண்டையும் ஒரே நாள்ல ஆரம்பிச்சா எது கேட்டுச்சுன்னு தெரியாது, காலம் பூரா ரெண்டையும் பண்ணிக்கிட்டு இருப்பீங்க. ஆரம்பிக்கும்போதே திரும்பப் பாக்கவேண்டிய தேதியை போன்ல அலாரம் வெச்சுருங்க, இல்லன்னா பாதி சரியானதும் மறந்துருவோம்.

நடுவுல புது ஜலதோஷம் வந்தா எல்லாம் திரும்பிரும், பயப்படாதீங்க. எனக்குப் போன மாசம் வந்துச்சு. பத்து நாள் மூக்கைக் கழுவினேன், ராத்திரி சாப்பாட்டை ஏழரைக்கு முடிச்சேன், தண்ணி பாட்டிலை மேஜையிலயே வெச்சுக்கிட்டேன். மூணாவது வாரத்துல அதே ஒரு மணி நேர மீட்டிங்ல கோடு போட்டுப் பார்த்தேன், ஆறு.